தருமபுரியிலிருந்து கடலுக்கு: அறப்பணிக்காகத் தனியே நெடுந்தூரம் நீந்த விரும்புவோருக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நீச்சல் என்றால் கிணற்று நீச்சல்தான். முதுகில் சுரைக்குடுக்கையையோ முருங்கைக் கட்டையையோ கட்டிக்கொண்டு, மேலே மோட்டார் கொட்டகை ஓரத்தில் மாமாவோ சித்தப்பாவோ காவல் நிற்க, பம்புசெட்டுக் குழாயைப் பிடித்தும் விட்டும் கற்றுக்கொண்ட நீச்சல் அது. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் அப்படித்தான் நானும் கற்றுக்கொண்டேன். அந்த நீச்சல் ஆழத்தைக் கண்டு அஞ்சாத மனத்தைத் தருகிறது. எந்த நீச்சல் குளமும் அதை அவ்வளவு சீக்கிரம் தந்துவிடாது. ஆனால் தலையை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நீந்தும் வழக்கத்தையும், பத்து வீச்சுக்கு ஒரு முறை சுவரைப் பிடித்து இளைப்பாறும் வழக்கத்தையும் அதுவே தருகிறது. முப்பதடி அகலக் கிணற்றில் 20 கிலோமீட்டர் நீந்த வேண்டுமானால் இரண்டாயிரம் முறைக்கு மேல் அதன் குறுக்களவைக் கடக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், நம் ஊர் நீருக்கும் கடலுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பது விளங்கும்.

அந்த இடைவெளியைக் கடக்க ஏறத்தாழ ஓராண்டு வேண்டும். இப்போதே ஒரு கிலோமீட்டரை நிற்காமல் நீந்தக் கூடிய, உடல்நலமுள்ள, பதினெட்டு வயது கடந்த ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அதுவரை வராதவர்கள் முதலில் அந்த ஒரு கிலோமீட்டரை எட்டிவிட்டு, பிறகு இதைப் படிப்பதே சரியாக இருக்கும்.

பணத்தைப் பற்றிய முடிவே முதல் முடிவு

நீச்சல் வழிகாட்டி ஒன்று பணத்தில் தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அறப்பணிக்காக நீந்துகிறவருக்கும் தம் ஆசைக்காக நீந்துகிறவருக்கும் உள்ள வேறுபாடு பணத்தில்தான் தொடங்குகிறது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. தம் ஆசைக்காக நீந்துகிறவர் தோள் வலித்தால் படகில் ஏறிவிடுவார். ஊரார் நூறு பேரிடம் பணம் வாங்கியவரும், பள்ளிக்கூடத்தில் மாலை போட்டுக்கொண்டு பேசிவிட்டு வந்தவரும் அவ்வளவு எளிதில் ஏற மாட்டார்கள். ஆகவே நன்கொடை எந்த வகையிலும் நீச்சல் முடிவதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். “கிலோமீட்டருக்கு இவ்வளவு தருகிறேன்” என்று சிலர் உற்சாகமாக முன்வருவார்கள். அந்த முறை கேட்பதற்கு அழகாக இருந்தாலும், பதினாறாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கும்போது உங்கள் தலைக்குள் கணக்குப் போடத் தொடங்கும் முறை அதுதான். கடலில் இறங்கும் நாளுக்கு முன்பே முழுத் தொகையும் அறக்கட்டளையின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்றும், நீச்சல் பாதியில் நின்றாலும் தொகை திரும்பாது என்றும் அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள். இதனால் தொகை சற்றுக் குறையலாம். குறையட்டும்.

பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கோ உங்கள் கைப்பேசி எண்ணோடு இணைந்த யு.பி.ஐ. முகவரிக்கோ ஒரு நாளும் வரக் கூடாது. அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்ல வேண்டும். அறக்கட்டளையைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் பதிவுச் சான்று, நிரந்தரக் கணக்கு எண், 80ஜி என்ற பெயரில் நமக்குப் பழகிப்போன வரிச்சலுகைக்கான ஒப்புதல் ஆகிய மூன்றையும் தாளாகவே கேட்டு வாங்கிப் பாருங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதையும், புதிய வருமான வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அது அறவே இல்லை என்பதையும் முன்னதாகவே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் உறவினர்கள் தம் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம். ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களின் பணம் வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும் என்பதால், அதற்கெனத் தனிப் பதிவு பெற்ற அறக்கட்டளை மட்டுமே அதை வாங்கலாம். படகு வாடகை, சாப்பாடு, தங்கும் செலவு ஆகியவற்றை நன்கொடையிலிருந்து எடுக்காமல், உங்கள் பணத்திலிருந்தோ அதற்கென்றே தந்த ஒருவரின் பணத்திலிருந்தோ செய்வதே நேர்மை.

எந்தப் பணிக்காக நீந்துவது என்பது அவரவர் விருப்பம். ஆயினும் நீரோடு தொடர்புள்ள பணி நம் மாவட்டங்களில் இரண்டு கண்ணெதிரே இருக்கின்றன. ஒன்று, நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளூரைடால் பல்லும் எலும்பும் கெட்ட கிராமங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதே அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். மற்றொன்று, விடுமுறை நாள்களில் கிணற்றிலும் ஏரியிலும் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கிப் போகும் பிள்ளைகள். ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான உலக நாளாக அறிவித்தது. நீச்சலால் திரட்டும் பணம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தரப் போகும் என்றால், எதற்காக நீந்துகிறீர்கள் என்ற கேள்விக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

எந்தக் கடல், எந்த மாதம்

கடல்நீச்சல் என்றதும் பலர் பாக் நீரிணையைத்தான் நினைக்கிறார்கள். கொல்கத்தாவைச் சேர்ந்த மிகிர் சென் 1966-இல் அதை நீந்திக் கடந்ததும், 1994-இல் சிறுவராயிருந்த குற்றாலீசுவரன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்ததும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்திகள். ஆனால் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உண்டு. பன்னாட்டுக் கடல் எல்லையைத் தாண்ட வேண்டியிருப்பதால் இரு நாட்டு அரசுகளின் அனுமதியும், கடற்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றின் இசைவும் வேண்டும். முதல் நெடுநீச்சலுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. கரைக்கு இணையாக, ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தொலைவில், 15 முதல் 20 கிலோமீட்டர் நீந்துவது கௌரவத்தில் குறைந்ததன்று. ஒலிம்பிக்கில் 2008 முதல் நடைபெறும் மாரத்தான் நீச்சலே 10 கிலோமீட்டர்தான். ஏதேனும் நேர்ந்தால் அரை மணி நேரத்துக்குள் கரைக்குக் கொண்டுவர முடியும் என்பதே கரையோரப் பாதையின் பெரிய நன்மை.

நம் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்வது கடலூரிலிருந்து புதுச்சேரி நோக்கிய பாதை. நந்தி மலையில் பிறந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளியையும், கிருஷ்ணகிரி அணையையும், இருமத்தூரையும், சாத்தனூரையும் கடந்து வரும் நம் தென்பெண்ணை கடலூருக்கு வடக்கே கடலில் கலக்கிறது. நம் ஆறு போய்ச் சேரும் இடத்திலிருந்து நீந்தத் தொடங்குகிறோம் என்று சொல்லும்போது ஊரார் முகத்தில் ஓர் ஒளி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் முகத்துவாரத்திலேயே இறங்கிவிடாதீர்கள். அங்கே மணல்திட்டும் எதிரெதிர் ஓட்டமும் கலங்கல் நீரும் படகுப் போக்குவரத்தும் உண்டு. சற்று வடக்கே தள்ளி, திறந்த கடற்கரையில் தொடங்குங்கள். சரியான தூரத்தைச் சாலைக் கணக்கால் அல்லாமல், படகின் ஜி.பி.எஸ். கருவியால் முன்னதாகவே ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக நேராகவே அந்தக் கடற்கரைக்குச் சாலை இருப்பதால், பயிற்சிக்காக மாதம் ஒரு முறை போய்வருவதும் இயலக் கூடியதே.

வடக்கு நோக்கி நீந்துவதற்குக் காரணம் உண்டு. கிழக்குக் கரையை ஒட்டிய கடல் நீரோட்டம் பொதுவாகப் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. மணிக்கு 2.5 கிலோமீட்டர் நீந்தக் கூடிய ஒருவருக்கு மணிக்கு ஒரு கிலோமீட்டர் ஓட்டம் துணையாக இருந்தால் 20 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம்; அதே ஓட்டம் எதிராக இருந்தால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓராண்டுப் பயிற்சியால் கூட்டிக்கொள்ள முடியாத வேகத்தை, சரியான மாதத்தைத் தேர்ந்தெடுப்பதால் பெற்றுவிடலாம். பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் முற்பாதி வரை கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்போது விசைப்படகுப் போக்குவரத்து குறைந்திருக்கும். ஆனால் வெயிலும் பிற்பகல் காற்றும் கடுமையாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நினைத்தே பார்க்க வேண்டாம்.

நாளைக் குறிக்க நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிகுதி. அட்டமியை ஒட்டிய நாள்களில் குறைவு. அந்த நாள்களில் நான்கு நாள் இடைவெளியைக் குறித்துக்கொண்டு, அதில் எந்த நாள் என்பதைக் கடலிடம் விட்டுவிடுங்கள். ஐதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் எனப்படும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலையின் உயரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றின் முன்னறிவிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. சிறப்பு விருந்தினருக்கு நாள் கொடுத்துவிட்டு அதற்காகக் கடலில் இறங்குவது அறியாமை. விருந்தினரை வேறொரு நாளில், ஊரிலேயே, கல்யாண மண்டபத்தில் அழைத்துக்கொள்ளலாம்.

அனுமதிக்கு இரண்டு மாதம் முன்பே எழுதத் தொடங்குங்கள். தமிழ்நாட்டுக் கரையில் தொடங்கிப் புதுச்சேரிக் கரையில் முடிவதால் இரு பக்கத்துக் காவல்துறைக்கும் எழுத வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமம், இந்தியக் கடலோரக் காவல்படை, மீன்வளத் துறை ஆகியோருக்கும் பாதை வரைபடத்துடன் தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதையில் உள்ள மீனவர் ஊர்களின் பஞ்சாயத்தாரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். எங்கே வலை விரித்திருக்கிறார்கள், எந்த நேரத்தில் படகுகள் திரும்புகின்றன என்பதை எந்த அலுவலகத்துத் தாளும் சொல்லாது. இருட்டில் வலையில் சிக்கிய கையை விடுவித்துக்கொள்வதைவிட, முதல் நாள் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது எளிது.

கிணற்றுப் பழக்கத்தை மாற்றுவது

தலையைத் தூக்கினால் கால் தாழும். கால் தாழ்ந்தால் நீர் தடுக்கும். ஆகவே முகம் நீருக்குள் இருக்க, மூன்று வீச்சுக்கு ஒரு முறை இடமும் வலமுமாக மாறி மாறி மூச்செடுக்கும் ஃப்ரீஸ்டைல் நீச்சலை ஒரு நல்ல பயிற்சியாளரிடம் புதிதாகக் கற்றுக்கொள்வதே முதல் மூன்று மாத வேலை. இதற்கு நீச்சல் குளம் வேண்டும். ஓசூர் பக்கத்தவருக்குப் பெங்களூரு அருகில் இருக்கிறது. தருமபுரி பக்கத்தவர் சேலம் வரை போக வேண்டியிருக்கலாம். 25 மீட்டர் குளத்தில் 10 கிலோமீட்டர் என்பது 400 நீளம். சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பைத் தாங்குவதும் பயிற்சியே என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் ஐந்தாவது மணி நேரம் இதைவிடச் சலிப்பானது.

வாரத்தில் இரண்டு நாளே குளத்துக்குப் போக முடிகிறவர்களுக்குக் கிணறு மீண்டும் உதவும். இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, நீண்ட ரப்பர்க் கயிற்றால் அதைப் படிக்கட்டுக் கம்பியோடு பிணைத்துக்கொண்டால், நகராமலேயே ஒரு மணி நேரம் நீந்தலாம். மேலே ஓர் ஆள் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பதும், இறங்குவதற்கு முன் மோட்டாருக்கான மின்சாரத்தை மெயினிலேயே அணைத்திருக்க வேண்டும் என்பதும் விலக்கில்லாத விதிகள். ஒயர் கசிந்து கிணற்று நீரில் மின்சாரம் பாய்ந்த செய்திகளை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம்.

அணைகளிலும் ஏரிகளிலும் பயிற்சி செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீர்வளத் துறையின் அனுமதியும், துணைக்கு ஒரு பரிசலோ படகோ இருந்தால் அமைதியான ஏரி மிக நல்ல இடம். மீன் குத்தகைதாரரின் வலை எங்கே என்று கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும். மதகுப் பக்கம் போகவே கூடாது. கெலவரப்பள்ளியில் நுரை பொங்கும் நீரில் முகத்தை வைத்து நீந்துவது நோயை வரவழைத்துக்கொள்வதாகும். ஒகேனக்கல்லில் காவிரிக்குள் நீந்திப் பழகலாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். பாறைச் சுழல்களும் முதலைகளும் உள்ள ஆறு அது.

அளவைப் பொறுத்தவரை, நெடுநீச்சல்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு நாளில் நீந்த வேண்டிய தூரத்தை ஒரு வாரத்தில் வலியின்றி நீந்தப் பழகியிருக்க வேண்டும். 20 கிலோமீட்டருக்கு, கடைசி எட்டு வாரங்களில் வாரம் 20 முதல் 25 கிலோமீட்டர் வரை எட்டிவிட்டு, இறுதி இரண்டு வாரங்களில் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டினால் முதலில் தோள்மூட்டுதான் புகார் சொல்லும். நீச்சலுக்கு ஐந்து வாரம் முன்னதாக, நிற்காமல் ஐந்து அல்லது ஆறு மணி நேரம் ஒரு முறையாவது நீந்தியிருக்க வேண்டும். ஆங்கிலக் கால்வாயை நீந்த விண்ணப்பிப்பவரிடம்கூட ஆறு மணி நேரக் குளிர்நீர் நீச்சலுக்கான சான்று கேட்பார்கள்.

கடலிலேயே கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. அவற்றுக்காகக் குறைந்தது நான்கு முறையாவது கடற்கரைக்குப் போய்வாருங்கள். சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடத்தைக் கடப்பதே முதல் பாடம்: வரும் அலையின் மேல் ஏற முயலாமல், அடியில் மூழ்கி மணலைத் தொட்டுக்கொண்டு அதைத் தலைக்கு மேல் போகவிட வேண்டும். கடலுக்குள் இழுக்கும் ஓட்டத்தில் மாட்டிக்கொண்டால் அதை எதிர்க்காமல் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். உப்பு நீரில் உடல் சற்று மேலே மிதப்பதால் நீச்சல் எளிதாகும். ஆனால் சில மணி நேரத்தில் நாக்கும் உதடும் தடித்து, கழுத்தும் அக்குளும் உராய்ந்து புண்ணாகும். உராயும் இடங்களில் எல்லாம் வாசலினைத் தாராளமாகத் தடவிக்கொள்ள வேண்டும். தடவிய கையால் நீச்சல் கண்ணாடியைத் தொட்டால் அன்றைக்கு எதுவும் தெரியாது என்பதால் தடவும் வேலையைப் படகில் உடன்வரும் துணைவரிடம் விடுங்கள். பத்துப் பன்னிரண்டு வீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் நீருக்கு மேல் உயர்த்தி, கலங்கரை விளக்கமோ கோபுரமோ உயரமான கட்டடமோ ஒன்றைக் குறிவைத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். கிணற்றுக்காரர்களுக்கு இது மட்டும் சீக்கிரம் வந்துவிடும்.

பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் இதயம், இரத்த அழுத்தம், நுரையீரல், காது ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களும், கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த முயற்சியைக் கைவிட வேண்டும்.

வயிறு

பயிற்சிக் காலத்தில் நம் கேழ்வரகுக் களியும் கூழும் அருமையான உணவு. கடலில் அவை ஆகா. நார்ச்சத்து மிகுந்த உணவு நீந்தும்போது வயிற்றில் கிடந்து புரளும். நீந்தும் நாளில் தேவைப்படுவது சீக்கிரம் செரிக்கும் மாவுச்சத்து. மணிக்கு 60 கிராம் அளவு என்று தொடங்கி, வயிறு ஏற்றுக்கொண்டால் கூட்டலாம். அரை மணிக்கு ஒரு முறை 250 முதல் 300 மில்லிலிட்டர் வரை, சிறிதளவு உப்புக் கலந்த இனிப்பு நீரோ வடித்த அரிசிக் கஞ்சியோ இளஞ்சூட்டில் குடிக்கலாம். மணிக்கொரு முறை அரை வாழைப்பழமோ இரண்டு மடக்கு மாம்பழக் கூழோ சேர்க்கலாம். உப்பு நீரில் ஊறிய வாய்க்குக் கிருஷ்ணகிரி மாம்பழத்தைப் போல் இதமானது வேறில்லை. எதுவானாலும் பயிற்சி நீச்சலில் குறைந்தது ஐந்து முறை உண்டு பார்த்ததாக இருக்க வேண்டும்.

வெறும் தண்ணீரை மட்டும் அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். குடிக்காமலே இருந்தால் வெயிலில் உடல் வறண்டுபோகும். இரண்டுக்கும் நடுவே இருக்கிறோமா என்பதை அறிய, கூச்சப்படாமல், சிறுநீர் கழித்தீர்களா என்று துணைவர் மணிக்கொரு முறை கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

உணவைப் புட்டியில் அடைத்து, நைலான் கயிற்றில் கட்டி எறிவதே வழக்கம். படகைத் தொட்டாலோ யாராவது உங்களைத் தாங்கிப் பிடித்தாலோ அது துணையில்லாத் தனிநீச்சலாகக் கொள்ளப்படாது. சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, உடலில் பூசும் களிம்பு ஆகியவற்றுக்கு மேல் எதுவும் கூடாது என்பதும் மரபு. ஆனால் அறப்பணிக்காக நீந்துகிறவருக்கு இந்த விதிகள் கட்டாயமல்ல. சொறிமீன் எனப்படும் ஜெல்லிமீன் மிகுந்த காலத்தில் முழுக்கை உடை அணிந்துகொண்டு, அதை அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும்.

படகும் படகில் இருப்பவர்களும்

தனிநீச்சல் என்ற பெயர் ஏமாற்றக் கூடியது. நீரில் ஒருவர் இருக்க, நீருக்கு மேல் குறைந்தது ஐந்து பேர் வேண்டும்: அந்தக் கடலை அறிந்த படகோட்டி, அவருக்கு ஓர் உதவியாளர், உணவு தருபவர், குதித்துக் காப்பாற்றக் கூடிய நல்ல நீச்சல்காரர், முதலுதவி அறிந்தவர். இவர்களில் நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் உங்கள் அண்ணனாகவோ நெருங்கிய நண்பராகவோ இல்லாமல் இருப்பது நல்லது. பாசமுள்ளவர்கள் ஒன்று மிக விரைவில் நிறுத்துவார்கள், அல்லது நிறுத்தவே மாட்டார்கள்.

நம் ஊரிலிருந்து வருபவர்களுக்கு எச்சரிக்கை ஒன்று உண்டு. முதல் முறை நான் கூட்டிப்போன நால்வரில் மூவர் படகில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார்கள். நீரில் இருந்த நான் அவர்களைப் பார்த்து நலமா என்று கேட்க வேண்டியதாயிற்று. மேட்டு நிலத்துக்காரர்களுக்குக் கடல்மயக்கம் வருவது இயல்பு. ஆகவே துணைவர்கள் ஒவ்வொருவரும் முன்னதாக ஒரு முறையாவது மூன்று மணி நேரம் படகில் இருந்து பார்க்க வேண்டும். தாங்காதவர்களைக் கரையில் வண்டியோடு பின்தொடரச் சொல்லுங்கள். அவர்கள் இடத்தில் மீனவ இளைஞர்களை வையுங்கள். மாத்திரை போட்டுக்கொள்வதானால் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபைபர் படகுகள் பலவற்றில் நீண்ட தண்டின் முனையில் விசிறி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நீந்துபவர் எப்போதும் படகின் நடுப்பகுதிக்கு நேராக, நாலைந்து மீட்டர் விலகி இருக்க வேண்டும். பின்பக்கம் வரவே கூடாது. உணவு தரும்போது எஞ்சின் விசிறி சுழலக் கூடாது. புகை உங்கள் முகத்தில் அடிக்காத பக்கமாகப் படகை வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதுவே குமட்டலைத் தரும். வடக்கு நோக்கி நீந்தும்போது காலைச் சூரியன் வலப்பக்கம் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், இடப்பக்கம் படகு இருந்து, அந்தப் பக்கமே மிகுதியாக மூச்செடுப்பது வசதி. சிறு துடுப்புப் படகு ஒன்று கூடவே வந்தால் இந்தச் சிக்கல்களில் பாதி தீரும்.

படகில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அரை மணிக்கு ஒரு முறை நேரம், இடம், நிமிடத்துக்கு எத்தனை வீச்சு, என்ன குடித்தார், என்ன பேசினார் என்று எழுத வேண்டும். எல்லாருக்கும் உயிர்காப்புச் சட்டை, நீர்புகா உறையில் இரண்டு கைப்பேசிகள், கரையோடும் மற்றப் படகுகளோடும் பேச உதவும் ஒரு வி.எச்.எஃப். வானொலிக் கருவி, கூர்மையான கத்தி, கம்பளி, குடிநீர் ஆகியவை கட்டாயம். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரக் காவல் நிலையங்களுக்கான 1093, ஆம்புலன்சுக்கான 108 ஆகிய எண்களை அட்டையில் பெரிதாக எழுதிப் படகிலேயே ஒட்டிவிடுங்கள்.

எப்போது நிறுத்துவது

இதைக் கரையிலேயே, ஒரு தாளில், கையெழுத்துடன் முடிவு செய்ய வேண்டும். கடலில் இருப்பவரின் தீர்ப்பை நம்பக் கூடாது, ஏனெனில் உடல் குளிர்ந்தவரும் சோடியம் குறைந்தவரும் தமக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார்கள். நம் கடல் 27, 28 பாகை வெப்பத்தில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அது 37 பாகை உடலைவிடக் குளிர்ந்தது, காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஒல்லியானவர்கள் ஆறேழு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்குவதும் உண்டு.

தாளில் எழுத வேண்டியவை இவை. நிமிடத்துக்கு 60 வீச்சு என்று போய்க்கொண்டிருந்தவர் 50-க்குக் கீழே இறங்கி, இரண்டு உணவுக்குப் பிறகும் மீளவில்லை என்றால் நிறுத்த வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை உணவை வாந்தியெடுத்தால் நிறுத்த வேண்டும். வீட்டுக் கதவு எண், மகளின் வகுப்பு போன்ற எளிய கேள்விக்குத் தடுமாறினால், அல்லது கோபப்பட்டால், நிறுத்த வேண்டும். இளைப்பு, நெஞ்சில் சலசலப்பு, இளஞ்சிவப்பு நுரையோடு இருமல் ஆகியவை நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதன் அறிகுறி. அங்கே அடுத்த உணவு வரை பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இடி முழக்கம் கேட்டால் எல்லாரும் கரைக்கு. படகோட்டி போதும் என்றால், காரணம் கேட்காமல், போதும். “காத்து மாறுது தம்பி, ஏறிடு” என்று ஒரு முறை ஒரு பெரியவர் சொன்னபோது வானத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாற்பது நிமிடத்தில் அலை படகின் விளிம்பைத் தாண்டியது.

சொறிமீன் பட்டால் மட்டும் உடனே நிறுத்த வேண்டியதில்லை. எங்கே, எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் இழைகளைக் கையுறையோடு எடுத்துவிட்டுக் கடல்நீராலேயே கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றுவதும் மணலால் தேய்ப்பதும் நஞ்சைக் கூட்டும். படகில் ஏறிய பிறகு, தாங்கக் கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் வலி தணியும். முகத்திலோ கழுத்திலோ பரவலாகப் பட்டிருந்தாலும், மூச்சுத் திணறல் இருந்தாலும், மருத்துவமனைதான்.

நீந்தும் நாள்

முதல் நாள் மாலையிலேயே கடற்கரை ஊருக்குப் போய்விடுங்கள். மூன்று மணிக்கு எழுந்து, இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட்டு, நான்கரை மணிக்குள் நீரில் இருப்பது நல்லது. இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று விடியலில் ஓய்ந்திருக்கும்; நிலம் சூடேறிய பின், முற்பகல் கடந்ததும், கடற்காற்று எழுந்து நீரைக் குலைத்துவிடும். தூரத்தின் பெரும்பகுதி பதினொரு மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். இருட்டில் தொடங்குவதால் தொப்பியின் பின்பக்கத்திலும் இடுப்புப் பட்டையிலும் ஒளிரும் குச்சி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நீந்துங்கள். மூன்றாவது மணி நேரத்தில் தோள் வலிக்கும், நான்காவதில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும்; பலருக்கும் அப்படித்தான். அப்போது மொத்தத் தூரத்தை நினைக்காமல் அடுத்த புட்டி வரை நீந்துவதே வழி. எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது என்று துணைவர்களோடு முன்பே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். கரை பக்கத்தில் தெரிவது போலவே இருக்கும், வராது. நான் நீந்தியபோது கிணற்று மேட்டில் எண்ணிய எண்ணிக்கையையே, நூறு வரை, மறுபடி நூறு வரை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

முடிக்கும் இடத்தில் அலை உடையும் பகுதிக்குள் படகு வராது. களைத்த உடலோடு அதைத் தனியே கடக்க வேண்டியிருப்பதால், கரையிலிருந்து இரண்டு நல்ல நீச்சல்காரர்கள் எதிரே வந்து பக்கத்தில் நிற்கட்டும்; தொட வேண்டியதில்லை. நீர் கணுக்காலுக்குக் கீழே போகும் வரை நீச்சல் முடிந்ததாகாது.

கரையேறிய பின்

பல மணி நேரம் கிடைமட்டமாக இருந்த உடல் எழுந்து நின்றதும் தலை சுற்றும். மாலையும் பொன்னாடையும் காத்திருக்கட்டும். முதலில் உட்கார வைத்து, துடைத்து, உலர்ந்த துணி போர்த்தி, இளஞ்சூட்டில் சிறிது சிறிதாகக் குடிக்கத் தாருங்கள். நடுக்கம் கரையேறிய பிறகே கூடுவதும் உண்டு. அடுத்த சில மணி நேரத்துக்குள் இருமல், மூச்சிரைப்பு, கடும் தலைவலி எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றே ஐந்து மணி நேரம் வண்டியில் ஊர் திரும்பாமல், ஓர் இரவு அங்கேயே தங்குங்கள். தோளுக்கு இரண்டு வாரம் ஓய்வு.

படகில் எழுதிய நோட்டை நகலெடுத்து, ஜி.பி.எஸ். பாதையோடு, நன்கொடையாளர்கள் அனைவருக்கும் ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். 20 கிலோமீட்டரில் 13-இல் ஏறியிருந்தால் 13 என்றே எழுதுங்கள், காரணத்தோடு. அறக்கட்டளைக்கு வந்த தொகையை அவர்களின் வங்கி அறிக்கையிலிருந்தும், உங்கள் செலவைத் தனிப் பட்டியலாகவும் இணையுங்கள். வரிச் சான்றிதழை நிதியாண்டு முடிந்த பிறகே, வருமான வரித் துறையின் தளம் வழியாக அறக்கட்டளை தர முடியும் என்பதால், நன்கொடையாளர்களின் பெயர், முகவரி, நிரந்தரக் கணக்கு எண் ஆகியவற்றைப் பணம் வாங்கும்போதே சரியாக எழுதி வைத்திருக்க வேண்டும். மார்ச்சில் நீந்தியவர்கள் இதை அந்த மாத இறுதிக்குள்ளேயே அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.